ஊரின் விமான நிலையம், ஊருக்கு எட்டாத வருவாய்: லாஸ் ஏஞ்சலிஸ், 1928–2016

அமெரிக்கா என்றதும் எல்லாமே தனியார் வசம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. விமான நிலையங்கள் விஷயத்தில் அது பொருந்தாது. அட்லாண்டா, சிகாகோ, டென்வர், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களின் பெரிய விமான நிலையங்கள் எல்லாம் அந்தந்த மாநகராட்சிக்கே சொந்தம். சென்னை மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் விமான நிலைய ஆணையம் செய்யும் வேலையை அங்கே மாநகராட்சியின் ஒரு துறை செய்கிறது. அப்படிச் சொந்தம் கொண்டாடும் நகரத்துக்கு அதனால் என்ன கிடைக்கிறது? லாஸ் ஏஞ்சலிஸின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஆள் நியமிக்கும் அதிகாரமும் வழக்குகளும் நகரத்தின் பங்குக்கு வந்தன, பணம் மட்டும் வேலிக்கு அப்பாலேயே நின்றுவிட்டது என்பது என் வாதம்.

தொடக்கம் எளிமையானது. 1928இல் நகரம் 640 ஏக்கர் விளைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பீன்ஸும் தானியமும் விளைந்த அந்த இடம், அதை நகரத்துக்குப் பரிந்துரைத்த நிலத் தரகர் வில்லியம் மைன்ஸின் பெயரால் மைன்ஸ் ஃபீல்டு எனப்பட்டது. 1937இல் நகரம் அதை விலைக்கே வாங்கியது. ஆனாலும் பெரிய விமான நிறுவனங்கள் 1946 இறுதிவரை பர்பாங்கில், லாக்ஹீட் நிறுவனத்தின் நிலையத்திலிருந்தே பறந்தன. நகரத்தின் நிலையம் வெகுகாலம் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. 1949இல் வான் நைஸ் நிலையமும் மத்திய அரசிடமிருந்து ஒரு டாலர் விலைக்கு நகரத்தின் கைக்கு வந்தது.

ஜெட் யுகம் நிலைமையை மாற்றியது. 1956இல் 5.95 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். 1961இல் புதிய முனையங்கள் திறக்கப்பட்டன. பிற்காலப் பெரும் கட்டுமானங்களுக்கு நகரத்தின் வரிப்பணத்தை ஈடு காட்டவில்லை. விமான நிலையத்தின் வருவாயை மட்டுமே ஈடாகக் காட்டும் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அப்படிக் கடன் கொடுத்தவர்களுக்கு ஓர் உறுதி தேவை: நிலையத்தின் வருமானம் நிலையத்துக்குள்ளேயே சுழல வேண்டும். வேலியின் முதல் கம்பி இங்கே நடப்பட்டது எனலாம்.

நிர்வாக அமைப்பும் இதற்கு ஏற்பவே உருவானது. துறைமுகம், குடிநீர்-மின்சாரம், விமான நிலையம் ஆகிய மூன்றையும் நகரச் சாசனம் தன் வருவாயில் தானே இயங்கும் துறைகளாக வைத்திருக்கிறது. விமான நிலையத் துறையை ஏழு பேர் கொண்ட ஆணையர் குழு ஆள்கிறது. மேயர் நியமிக்கிறார், மாநகர சபை உறுதி செய்கிறது. பதவிக்காலம் 5 ஆண்டு. கட்டணம், குத்தகை, ஒப்பந்தம் எல்லாம் இக்குழுவின் கையில். ஆனால் குழு எடுக்கும் முடிவை மாநகர சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தன் முன் வரவழைத்து ரத்து செய்யவும் முடியும். 15 உறுப்பினர் சபையில் 10 பேர் சேர்ந்தால் போதும். சுதந்திரம் உண்டு, கயிறும் உண்டு. 1997இல் துறைக்கு ‘லாஸ் ஏஞ்சலிஸ் வேர்ல்டு ஏர்போர்ட்ஸ்’ என்று நிறுவனம் போலப் பெயர் சூட்டினார்கள். சட்டப்படி அது அன்றும் இன்றும் மாநகராட்சித் துறைதான்.

அரசுத் துறை என்பதன் பொருளை நீதிமன்றம் ஒருமுறை கூர்மையாகவே நினைவூட்டியது. பேச்சுரிமை சார்ந்த எந்தச் செயலும் மைய முனையப் பகுதியில் கூடாது என்று 1983இல் ஆணையர் குழு தீர்மானம் போட்டது. துண்டறிக்கை கொடுத்த ஒரு மத அமைப்பினர் வழக்குத் தொடுக்க, 1987இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்மானத்தைச் செல்லாது என்றது. அந்த வாசகத்தின்படி பயணிகள் பேசுவதும் படிப்பதும் தேர்தல் பேட்ஜ் அணிவதும்கூடக் குற்றமாகிவிடும் என்பது நீதிபதிகள் காட்டிய குறை. மத்திய அரசியல் சாசனத்தின்படி தனியார் அங்காடி உரிமையாளருக்கு இந்தத் தலைவலி இருந்திருக்காது.

இரைச்சலுக்கான பொறுப்பும் சொந்தக்காரர் தலையில்தான் விழுந்தது. பிட்ஸ்பர்க் நிலையம் தொடர்பான 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பில், விமானங்கள் தாழப் பறப்பதால் வரும் இழப்புக்கு ஈடு தர வேண்டியது நிலையத்தின் உடைமையாளரே என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஓடுபாதைக்கும் கடலுக்கும் இடையே மணல்மேட்டில் இருந்த சர்ஃப்ரிட்ஜ் என்ற குடியிருப்பையே நகரம் வாங்கி, வீடுகளை அகற்றியது. இப்போது அங்கே வேலிக்குள் ஆளற்ற பழைய தெருக்களும் எல் செகுண்டோ நீல வண்ணத்துப்பூச்சிக்கான காப்பிடமும் இருக்கின்றன.

பணச் சண்டை 1993இல் வெடித்தது. விமான நிறுவனங்களோடு இருந்த நெடுங்கால ஒப்பந்தங்கள் முடிந்திருந்தன. அவற்றின்படி கடை, வாகன நிறுத்த வருவாயின் மிச்சம் தரையிறங்கு கட்டணத்தைக் குறைக்கவே உதவிவந்தது. இனி மிச்சம் நிலையத்துக்கே, ஓடுபாதைச் செலவு விமானங்களுக்கே என்று நகரம் கணக்கை மாற்றியது. ஆயிரம் பவுண்டு எடைக்கு 51 சென்டாக இருந்த கட்டணம் 1.56 டாலர் ஆனது. 6 லட்சம் பவுண்டு எடையோடு இறங்கும் ஒரு ஜம்போ ஜெட்டுக்கு 306 டாலர் என்பது 936 டாலராக உயர்ந்தது. விமான நிறுவனங்கள் உயர்வைக் கட்ட மறுத்தன. கட்டாதவர்களுக்கு ஓடுபாதை இல்லை என்றது நகரம். கடைசியில் மத்தியப் போக்குவரத்துச் செயலர் ஃபெடரிகோ பெனா நடுவே வந்து இடைக்கால உடன்பாடு செய்துவைத்தார்.

இதன் பின்னணியில் அரசியலும் இருந்தது. அதே ஆண்டு மேயரான ரிச்சர்ட் ரியார்டன், விமான நிலையத்தைக் குத்தகைக்கு விட்டுக் கூடுதல் போலீஸாரை நியமிப்பேன் என்று சொல்லி வாக்குக் கேட்டவர். அதற்குக் குறுக்கே நின்றது 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். மத்திய மானியம் பெறும் நிலையத்தின் வருவாயை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்பது அதன் விதி. 1994இல் அது மேலும் இறுக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், சான் பிரான்சிஸ்கோ 1981லேயே விமான நிறுவனங்களோடு சமரசம் செய்துகொண்டதால், இன்றும் கடை வருவாயில் 15 சதவீதத்தை நகரப் பொதுநிதிக்கு எடுத்துக்கொள்கிறது. பழைய உடன்பாடுகளுக்குச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. ஒரே மாநிலம், ஒரே வகை உடைமை, வேறுபாடு ஓராண்டுதான்.

கட்டணச் சண்டை வழக்காக நீண்டபோது சுவையான கேள்வி ஒன்று எழுந்தது: ஓடுபாதைக்கு அடியில் இருக்கும் நிலத்துக்கு என்ன விலை? இன்றைய சந்தை மதிப்பில் வாடகை கணக்கிடலாம் என்றது நகரம். வாங்கிய விலைதான் அடிப்படை என்றது மத்தியப் போக்குவரத்துத் துறை. தாத்தா 500 ரூபாய்க்கு வாங்கிய மனையில் பேரன் கடை கட்டினால், வாடகையை அந்த 500 ரூபாயை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது போன்ற வாதம் இது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நகரத்தின் வாதத்துக்குச் சரியான பதில் சொல்லப்படவில்லை என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1999இல் துறையின் விளக்கத்தை ஏற்று, வாங்கிய விலையே செல்லும் என்றது. பொருளியல் நோக்கில் நகரத்தின் வாதமே வலுவானது என்பேன். ஆனால் ஓடுபாதையை விற்றுவிட்டு வீட்டுமனை போடும் உரிமை நகரத்துக்கு நடைமுறையில் இல்லாதபோது, சந்தை மதிப்பு என்ற பேச்சுக்குப் பிடிமானம் குறைவுதான்.

வருவாய் நகரத்துக்கு எட்டாத இதே கணக்கு, ஒரு நிலையத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேலை செய்தது. கிழக்கே இருக்கும் ஒன்டாரியோ நகரத்தின் நிலையத்தை 1967 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நடத்தியது; 1985இல் உடைமையும் அதற்கே வந்தது. 2007இல் சுமார் 72 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2013இல் 40 லட்சத்துக்கு இறங்கியது. பொருளாதார மந்தத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் தங்கள் நிலையத்தை அடுத்த ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விட்டார்கள் என்று ஒன்டாரியோ கொதித்தது. 2013இல் வழக்குப் போட்டது. 2015இல் சமரசம் ஏற்பட்டு, 2016 நவம்பர் 1 அன்று நிலையம் ஒன்டாரியோ நகரமும் சான் பெர்னார்டினோ கவுண்டியும் சேர்ந்து அமைத்த ஆணையத்தின் கைக்கு மாறியது. அதற்கு ஈடாகச் சுமார் 19 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தத் தொகை லாஸ் ஏஞ்சலிஸின் விமான நிலையத் துறைக்கு உரியது, நகரப் பொதுநிதிக்கு அல்ல.