உணவுக்குழாய்ச் சிரைப்புடைப்பு வளையக்கட்டு

உணவுக்குழாய்ச் சிரைப்புடைப்பு வளையக்கட்டு என்பது உணவுக்குழாயில் புடைத்துள்ள சிரைகளை, எண்டோஸ்கோப் எனப்படும் அகநோக்கியின் துணையுடன் சிறு ரப்பர் வளையங்களால் கட்டும் மருத்துவ முறையாகும். குருதிப்பெருக்கை நிறுத்தவும், வராமல் தடுக்கவும் இது பயன்படுகிறது.

காரணம்

சிரோசிஸ் நோயில் கல்லீரல் தழும்புற்று இறுகுவதால், குடலிலிருந்து அதற்குக் குருதியைக் கொண்டுவரும் வாயிற்சிரையில் அழுத்தம் உயர்கிறது. தடைபட்ட குருதி உணவுக்குழாயின் மெல்லிய சிரைகள் வழியே செல்வதால் அவை புடைக்கின்றன. அவை வெடித்தால் குருதி வாந்தியும் கருநிற மலமும் ஏற்படும், உயிரிழப்பும் நேரலாம்.

செய்முறை

நோயாளிக்கு முதலில் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு போன்ற மருந்தும் நுண்ணுயிர் எதிர்ப்பியும் தரப்படுகின்றன. பொதுவாக 12 மணி நேரத்திற்குள் அகநோக்கி செலுத்தப்படுகிறது. அதன் முனையிலுள்ள குப்பிக்குள் சிரை உறிஞ்சி இழுக்கப்பட்டு, அதன் அடியில் வளையம் மாட்டப்படுகிறது. கட்டப்பட்ட திசு சில நாட்களில் உதிர்ந்து, புண் ஆறித் தழும்பாகிறது. ஆறும் முன்னர் இப்புண்ணிலிருந்து குருதி கசியக்கூடும்.

வரலாறு

1939 இல் சுவீடனின் கிராஃபூர்டு, ஃபிரெங்க்னர் ஆகியோர் சிரைக்குள் மருந்தை ஊசியால் செலுத்தும் முறையை வெளியிட்டனர். 1980களில் அமெரிக்க அறுவை மருத்துவர் கிரெக் ஸ்டீக்மன், மூலநோய்க்கான வளையக்கட்டைத் தழுவி இம்முறையை உருவாக்கினார். 1992 இல் வெளியான அவரது குழுவின் ஒப்பாய்வில், ஊசி முறையைவிட வளையக்கட்டில் சிக்கல்கள் குறைவாகவும் உயிர்பிழைப்பு மிகுதியாகவும் இருந்தன.

வரம்புகள்

வளையம் சிரையை அடைக்கிறதேயன்றி வாயிற்சிரை அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஆகவே புடைப்புகள் மீண்டும் தோன்றலாம். அவை மறையும்வரை சில வார இடைவெளிகளில் கட்டு மீண்டும் போடப்படுகிறது. பீட்டா தடுப்பி மருந்தும், மதுவால் வந்த நோயெனில் மதுவைக் கைவிடுதலும், தொடர் பரிசோதனையும் இன்றியமையாதவை.