மயக்கம் என்னும் சொல்

மெய்ம்மயக்கம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை சிரிக்கும். "சேர், எழுத்துக்கும் மயக்கம் வருமா?" காலைக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு நின்று வெயிலில் சரிந்து விழும் பிள்ளைக்கு வருவதுதான் அவர்கள் அறிந்த மயக்கம். கேள்வி நியாயமானதே.

மயங்குதல் என்பதற்குக் கலத்தல் என்பது பழைய பொருள்களுள் ஒன்று. எழுத்தோடு எழுத்துச் சேர்ந்து நிற்பதே மெய்ம்மயக்கம். வேற்றுமைகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதைக் கூறும் தொல்காப்பிய இயலுக்கு 'வேற்றுமை மயங்கியல்' என்று பெயர். ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து கலப்பது திணைமயக்கம். பகலும் இரவும் கலக்கும் மஃரிப் வேளையைப் 'பொழுது மயங்கும் நேரம்' என்று இன்றும் சொல்கிறோம். இதே வழியில்தான் அறிவு கலங்கித் தடுமாறுவதும், உணர்வற்று விழுவதும் மயக்கமாயின. வடமொழியிலிருந்து வந்த மூர்ச்சைக்கு மூலமான வினைக்கோ உறைதல், இறுகுதல் என்ற பொருளும் உண்டு.

அரபு மொழி இதனை மூடுதலாகக் காண்கிறது. மயங்கியவரைக் குறிக்க அல்குர்ஆன் ஆளும் சொல்லொன்று, 'அல்காஷியா' என்ற 88ஆவது சூராவின் பெயரோடு ஒரே வேரைச் சேர்ந்தது. மூடிக்கொள்வது என்பதே அப்பெயரின் கருத்து. 'இக்மா' என்பது மற்றொரு சொல். நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயின்போது மயங்கியதை ஹதீஸ் இச்சொல்லாலேயே கூறுகிறது. தலைப்பிறை மேகத்தால் மறைக்கப்படுவதைக் கூறும் அறிவிப்பொன்றிலும் இதே வினை வருகிறது. மேகம் மூடினால் பிறை இல்லாமற் போய்விடுவதில்லை.

சொல்லை நிதானித்து ஆள வேண்டிய இடம் சட்டத்திலும் உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி, உறங்கித் தொழுகையைத் தவறவிட்டவர் அதைக் கழாச் செய்ய வேண்டும். தொழுகை நேரம் முழுவதும் மயங்கிக் கிடந்தவர் மீது அந்தக் கடமை இல்லை.

என் வாப்பா கடைசி இரண்டு நாளும் கண் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள், நான் உட்பட, "நினைவு இழந்துட்டார்" என்றோம். உம்மா மாத்திரம் "மயங்கிக் கிடக்கிறார்" என்று சொல்லி, அவர் காதோரம் கலிமாவை ஓதிக்கொண்டிருந்தார். ஜனாஸா அடக்கியபின், தவறிய தொழுகைகளை எண்ணித் தம்பி கலங்கினான். ஆலிம் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "உறக்கமா, மயக்கமா?" என்பதுதான்.

உம்மாவின் சொல்லையே பதிலாகச் சொன்னோம். தம்பி அன்றிரவு நிம்மதியாக உறங்கினான். இழந்தது என்று நான் சொன்னதை உம்மா ஏன் சொல்லவில்லை என்பது, மறு வருடம் மெய்ம்மயக்கம் படிப்பிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கலங்கியது தெளியும் என்றே அவர் கடைசி வரை காத்திருந்தார்.