அனிமாக்ஸ் (லத்தீன் அமெரிக்கா)

லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஸ்பானிஷ் மொழி நேயர்களுக்காக, அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களைப் பிரதானமாகக் கொண்டு, 2005-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி தொடங்கப்பெற்று, 2011-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் மறைந்த கட்டணத் தொலைக்காட்சி அலைவரிசை. சோனி நிறுவனத்துக்கு உரியதாயிருந்த இது, பிரேசில் நாட்டினருக்கெனப் போர்த்துகீசிய மொழியிலும் தனியே ஒளிபரப்பாயிற்று. ஆறாண்டுக்கும் குறைந்த ஆயுளே பெற்றதாயினும், இதன் சரித்திரத்தை அந்த ஆறாண்டுகளுக்குள் அடக்கிவிட முடியாது. வேர்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே ஊன்றப்பட்டவை.

ஸ்பெயின் நாட்டு அரசுத் தொலைக்காட்சி 1975-இல் 'ஹெய்தி'யையும், 1978-இல் 'மசிங்கர் செட்'டையும் ஒளிபரப்பியபோதே அந்நாட்டுச் சிறுவர் உள்ளங்களில் ஜப்பானியச் சித்திரங்கள் இடம்பெற்றுவிட்டன. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், லத்தீன் அமெரிக்காவில், 1990-களில், 'செயின்ட் செய்யா', 'செய்லர் மூன்', 'டிராகன் பால்' ஆகிய தொடர்கள் வீடுதோறும் புகுந்தன. இவற்றுக்கு ஸ்பானிஷ் குரல் கொடுத்த மெக்சிகோ டப்பிங் கலைஞர்களின் தொண்டு எவ்வளவு போற்றினும் தகும். 'டிராகன் பால்' நாயகன் கோகுவாகப் பேசிய மாரியோ காஸ்தாஞேதாவும், செய்யாவாகப் பேசிய ஹெசுஸ் பரேரோவும் தம் முகம் திரையில் தோன்றாமலே ஒரு கண்டம் முழுவதற்கும் பரிச்சயமானவர்களாயினர். எந்த ஒரு நாட்டின் கொச்சையும் தலைதூக்காத பொதுவான ஸ்பானிஷ் நடையில் அவர்கள் பேசியமையால், மெக்சிகோவில் ஒருமுறை ஒலிப்பதிவான தொடர் பெருவிலும் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் அப்படியே செல்லுபடியாயிற்று. பல நாடுகளுக்கும் ஒரே அலைவரிசை என்னும் வியாபாரம் சாத்தியமானதற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம். ஸ்பெயின் நாட்டவரோ தமக்கெனத் தனி டப்பிங்கையே பெரும்பாலும் மேற்கொண்டனர்.

அமெரிக்காவின் ஹெர்ஸ்ட் நிறுவனமும் வெனிசுவேலாவின் சிஸ்னெரோஸ் குழுமமும் கூடி 1996 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய லோகோமோஷன் என்னும் அலைவரிசையே அனிமாக்ஸின் நேரடி முன்னோடி. கனடாவின் கோரஸ் நிறுவனமும் பின்னர் இதில் பங்குதாரராயிற்று. சித்திரப்படங்கள் குழந்தைகளுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், வயது வந்தோரின் ரசனைக்கு உகந்த சித்திரங்களைத் தேடித் திரட்டி, 'சவுத் பார்க்' முதலிய அமெரிக்கத் தொடர்களோடு ஜப்பானியப் படைப்புகளையும் துணிந்து வழங்கியது அது. ஜப்பானில் 1995-இல் தொடங்கிய 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்', 1998-இல் வெளிவந்த 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்' போன்ற கடினமான தொடர்களை, தனிமையையும் தந்தை மகன் உறவின் துயரத்தையும் மனிதப் பிரக்ஞையின் எல்லைகளையும் ஆராயும் அத்தொடர்களை, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் லோகோமோஷன் வாயிலாகவே கண்டனர். அனிமேயை ஒரு சிறந்த கலையாக அவர்கள் மதிக்கக் கற்றது இங்கேதான். லோகோமோஷனின் மிக உயர்ந்த சாதனை அதுவே என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

சோனி நிறுவனம் 2005-இல் லோகோமோஷனை விலைக்கு வாங்கியது. சன்ரைஸ், டோயே அனிமேஷன், டி.எம்.எஸ். ஆகிய சித்திரக்கூடங்களின் பங்கேற்போடு ஜப்பானில் 1998 ஜூலையில் ஒளிபரப்பைத் தொடங்கிய அனிமாக்ஸ் என்னும் பெயரே புதிய அலைவரிசைக்கும் சூட்டப்பெற்றது. பலதேசச் சித்திரங்களும் கலந்து வந்த லோகோமோஷனுக்கு மாறாக, அனிமாக்ஸ் தன்னை ஜப்பானியப் படைப்புகளுக்கே அர்ப்பணித்துக்கொண்டது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்', 'ஹெல்சிங்', 'வுல்ஃப்ஸ் ரெய்ன்', 'பிளீச்', 'பிளட் ப்ளஸ்', 'டெத் நோட்' முதலியன இதன் திரையில் வலம்வந்தன. டப்பிங் வேலை மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நடைபெற்றது. முன்னர் மெக்சிகோ குரல்களுக்கே பழகிய செவிகளுக்கு வெனிசுவேலாக் கலைஞர்களின் குரல்களும் நாளடைவில் பிரியமானவையாயின.

இந்நிலை நீடிக்கவில்லை. ஒரு தொடரை உரிமை பெற்று மொழிமாற்றி ஒலிப்பதிவு செய்வதற்குச் செலவு மிகுதி. அதே தொடர்களை ரசிகர்கள் தாமே எழுத்துரை சேர்த்து இணையத்தில் பரிமாறிக்கொள்ளும் வழக்கமும் பெருகிவந்தது. இளைஞர் கூட்டத்தை மேலும் விரிவாகக் கவர எண்ணிய நிர்வாகத்தார், நடிகர்கள் நடித்த அமெரிக்கத் தொடர்களையும் திரைப்படங்களையும் இசை நிகழ்ச்சிகளையும் படிப்படியாகப் புகுத்தினர். அனிமேக்கு எஞ்சிய நேரம் ஆண்டுதோறும் சுருங்கியது. எந்த அபிமானிகளை நம்பி அலைவரிசை தோன்றிற்றோ அவர்களை அந்நியராக்கிவிட்டுப் புதியோரைத் தேடிய இக்கொள்கை வருந்தத்தக்க பிழையென்றே கொள்ளல் வேண்டும். ஏனெனில் அமெரிக்கத் தொடர்களை வழங்க வேறு பல அலைவரிசைகள் இருந்தன, அனிமேயையே உயிராகக் கொண்டதோ இது ஒன்றுதான்.

2011 மே 1-ஆம் தேதி அனிமாக்ஸ் நீங்கி, அதனிடத்தில் சோனி ஸ்பின் என்னும் இளைஞர் அலைவரிசை வந்தது. அதுவும் 2014-இல் லைஃப்டைம் என்னும் அலைவரிசைக்கு வழிவிட்டது. ஸ்பெயினில் 2008 ஏப்ரலில் தனியே தொடங்கப்பெற்றிருந்த அனிமாக்ஸ் அலைவரிசை 2013 டிசம்பர் இறுதிவரை நடைபெற்றது. அதற்குமுன், 2012-இலேயே, கிரஞ்சிரோல் என்னும் இணையச் சேவை லத்தீன் அமெரிக்க ரசிகர்களுக்கு ஸ்பானிஷ் எழுத்துரையோடு அனிமேயை வழங்கத் தொடங்கிவிட்டது.