ஈ.ஆர்.சி.பி. சிகிச்சையில் பித்தநாளக் காயம்

பித்தநாளத்தில் அடைத்திருக்கும் கல்லை எடுக்கவும் குறுகிய நாளத்தை விரிக்கவும் வாய்வழியாக எண்டோஸ்கோப் செலுத்திச் செய்யப்படும் சிகிச்சை ஈ.ஆர்.சி.பி. அப்போது நாளத்தின் சுவர் துளைபடுவதோ கிழிவதோ அரிதாக நேரும் சிக்கல். குடலில் விழும் துளைகளையும் சேர்த்தால்கூட நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது ஏற்படுகிறது. கணைய அழற்சி இதைவிடப் பல மடங்கு அதிகம்.

நாளத்தின் வாயில் எண்டோஸ்கோப் வழியே குழாய் நுழைத்துச் சாயம் பாய்ச்சிப் படமெடுத்ததை அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மெக்கூன் 1968இல் வெளியிட்டார். நாளத்தின் வாய்த்தசையை மின்கம்பியால் வெட்டி விரிக்கும் முறை 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வந்தது. படமெடுக்கும் சோதனையாக இருந்தது அதன்பின் சிகிச்சையானது. காயத்துக்கான வாய்ப்பும் கூடியது.

ஸ்டாப்ஃபர் குழுவினர் 2000இல் வகுத்த நான்கு ஈ.ஆர்.சி.பி. துளை வகைகளில் மூன்றாவதுதான் நாளக் காயம். பெரும்பாலும் வழிகாட்டிக் கம்பியாலோ கல்லைப் பிடிக்கும் கூடையாலோ நேர்கிறது. கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நுனி வழவழப்பாக வளைந்துகொடுக்கும். ஆனாலும் நாளம் குறுகிய இடத்தில் விடாமல் தள்ளினால் சுவரைத் துளைத்துவிடும். எக்ஸ்ரே திரையில் கம்பி நாளத்தின் போக்கைவிட்டு விலகி ஓடும். சாயம் கிளைகளுக்குள் பரவாமல் வெளியே திட்டாகத் தேங்கும். அங்கேயே கவனித்துக் கம்பியைப் பின்னிழுத்து, சரியான வழியில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்தால் பித்தம் குடலுக்குள் வடிந்துவிடும். ஆன்டிபயாட்டிக் மருந்தும் சில நாள் பட்டினியும் போதும். பெரும்பாலான துளைகள் அறுவை சிகிச்சையின்றி மூடிக்கொள்கின்றன.

கவனிக்காமல் விட்ட துளைதான் ஆபத்தானது. சிகிச்சைக்குப்பின் வரும் வயிற்றுவலியைக் கணைய அழற்சி என்றே எண்ணிக் காத்திருப்பது எளிது. கணைய அழற்சியில் உயரும் அமிலேஸ் நொதி இரத்தத்தில் கூடியிருப்பதால் துளை இல்லை என்றாகிவிடாது. வலி கடுமையாகவோ காய்ச்சலுடனோ இருந்தால் தாமதிக்காமல் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். தாமதித்தால் பித்தம் வயிற்றுக்குள் கசிந்து சீழ்கட்டும்; இரத்தத்தில் நச்சேறி உயிருக்கே ஆபத்தாகும்.

கல் உண்டா என்று பார்ப்பதற்கு மட்டும் இன்று ஈ.ஆர்.சி.பி. தேவையில்லை. நாளத்துக்குள் எதையும் நுழைக்காமலே எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் அதைக் காட்டிவிடுகிறது.

லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றும்போது ஏற்படும் நாளக் காயம் வேறு. அங்கே பொதுப் பித்தநாளத்தையே பித்தப்பை நாளம் என்று தவறாகக் கருதி வெட்டிவிடுவதுண்டு. முழுதாக வெட்டுப்பட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. சிறு கசிவாக இருந்தால் ஈ.ஆர்.சி.பி. செய்து ஸ்டென்ட் வைத்தே குணப்படுத்துகிறார்கள்.