வானொலி நேயர் அளவீடு: ஹைதராபாத்

வானொலி நேயர் அளவீடு என்பது, ஒரு நிலையத்தை அல்லது நிகழ்ச்சியை எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்பதைத் தேர்ந்தெடுத்த ஒரு சிறு மக்கள்தொகுதியை, அதாவது மாதிரியை, ஆராய்ந்து மதிப்பிடும் முறையாகும். நாளிதழுக்கு விற்ற படிகளின் கணக்கும் திரையரங்குக்குக் கிழித்த சீட்டின் கணக்கும் இருக்க, ஒலிபரப்புக் கோபுரத்தை விட்டுக் கிளம்பிய அலை எந்த வீட்டில் போய் ஒலித்தது என்பதற்குத் தடயம் எதுவும் எஞ்சுவதில்லை என்பதால், இத்துறை தொடக்கம் முதலே ஏதேனும் ஒரு மாற்றுச் சான்றை நம்பியே இயங்கிவந்துள்ளது. ஹைதராபாத்தில் அந்தச் சான்று உரிமச் சீட்டு, கடிதம், நேர்காணல், கைப்பேசிச் செயலி எனப் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண்ணப்பட்ட கூட்டமும் வேறாகவே இருந்தது.

நிஜாம் ஆட்சியின் கீழ் 1930களில் இயங்கத் தொடங்கி, உருதுவை முதன்மையாகவும் தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகியவற்றை அடுத்தும் வைத்து ஒலிபரப்பிவந்த தக்காண வானொலி, 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தமையால், உரிமங்களின் தொகையே நேயர் தொகைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. இது பெட்டிகளின் கணக்கே தவிர காதுகளின் கணக்கன்று. தேநீர்க் கடையில் ஒலித்த ஒரே பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் அதில் இடம்பெறவில்லை. உரிமம் எடுக்காமலே பெட்டி வைத்திருந்தவர்களும் இடம்பெறவில்லை. 1980களில் இக்கட்டணம் கைவிடப்பட்டபோது அந்தக் கணக்கும் மறைந்தது.

உரிமத்தைவிட உயிர்ப்பான சான்றாக விளங்கியவை நேயர் கடிதங்கள். 1952இல் இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் அமீன் சயானி தொடங்கிய திரைப்பாடல் நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலாவுக்கும், அதே நிலையத்தின் தமிழ்ச் சேவைக்கும் வந்து குவிந்த அஞ்சலட்டைகள், அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்திருந்த ஆண்டுகளில் அதன் நேயர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்த ஆய்வறிக்கையையும்விடத் தெளிவாகக் காட்டின. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் விவித் பாரதி என்னும் பொழுதுபோக்குச் சேவை தொடங்கப்பட்டதற்கு அந்தப் போட்டியே காரணம். எனினும் கடிதம், எழுதும் பழக்கமுள்ளவரை மட்டுமே எண்ணுகிறது. இன்றைய ஜார்க்கண்டில் அப்பிரகச் சுரங்கங்களை ஒட்டிய சிற்றூரான ஜும்ரி தலையா, பாடல் விருப்பக் கடிதங்களாலேயே நாடறிந்த ஊராகிவிட்டது. அங்குள்ள ரசிகர்கள் போட்டி போட்டு எழுதினார்கள் என்பதே அதற்குக் காரணமே தவிர, வேறெங்கும் வானொலி அவ்வளவாகக் கேட்கப்படவில்லை என்பதன்று.

இதற்கு முன்பே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அளவீடு தனித்தொழிலாகிவிட்டிருந்தது. 1930இல் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி, முந்தைய நாள் என்ன கேட்டீர்கள் என்று தொலைபேசியில் வினவும் முறையைக் கொண்டுவந்தார். நினைவை நம்பாமல், அழைத்த அந்தக் கணத்தில் ஒலித்துக்கொண்டிருப்பது எது என்று கேட்பதை சி. ஈ. ஹூப்பர் வழக்கமாக்கினார். 1942இல் நீல்சன் நிறுவனம், பெட்டியிலேயே பொருத்தப்பட்டு அலைவரிசையைப் பதிவுசெய்யும் ஆடிமீட்டர் கருவியைக் கொண்டு வணிகச் சேவையைத் தொடங்கியது. பிபிசி 1936இலேயே ராபர்ட் சில்வியின் பொறுப்பில் நேயர் ஆய்வை ஆரம்பித்திருந்தது. வீடுகளில் தொலைபேசியே அரிதாயிருந்த இந்தியாவில் இவற்றை அப்படியே பின்பற்ற வழியில்லை. 1940களிலேயே நேயர் ஆய்வில் இறங்கிய அகில இந்திய வானொலி, களப்பணியாளர்களை வீடுவீடாக அனுப்பிக் கேள்வித்தாளை நிரப்பச் செய்யும் முறையையே பெரிதும் நம்பியது. அரசு வானொலிக்கு விளம்பரதாரரைவிட விளைவே முக்கியமாயிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் பயிரிட்ட ஏடிடி 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே ஏற்பட்டது. எந்த நேயர் எண்ணிக்கையாலும் அளக்க முடியாத வெற்றி அது.

2006 முதல் ரேடியோ சிட்டி, ரேடியோ மிர்ச்சி முதலிய தனியார் பண்பலை நிலையங்கள் ஹைதராபாத்தில் ஒலிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. விளம்பரம் ஒன்றையே வருவாயாகக் கொண்ட இந்நிலையங்களுக்கு இரண்டு எண்கள் உயிர்நாடியாயின: வாரத்தில் ஒருமுறையேனும் நிலையத்தைக் கேட்டவர்களின் விகிதமாகிய வீச்சு, நகரத்தார் வானொலிக்குச் செலவிட்ட மொத்த நேரத்தில் அந்நிலையத்துக்குக் கிடைத்த பகுதியாகிய பங்கு. இவற்றைக் கணிக்க டாம் மீடியா ரிசர்ச் நிறுவனம் 2007இல் ‘ராம்’ என்னும் அளவீட்டைத் தொடங்கி, தேர்ந்தெடுத்த நேயர்களிடம் நாட்குறிப்பு ஏடுகளைக் கொடுத்தது. நாட்குறிப்பு முறையில் ஒரு நாள் சிறுசிறு நேரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நேயர் தாம் கேட்ட நிலையத்துக்கு நேரான கட்டத்தில் குறியிட வேண்டும். வார இறுதியில் ஒரே மூச்சில் ஏட்டை நிரப்புபவர், தாம் உண்மையில் கேட்டதைவிடத் தமக்குப் பெயர் நன்கு பழகிய நிலையத்தையே குறித்துவிடுவார் என்பது இம்முறையின் தீராத குறை. நிலையங்கள் மூச்சுக்கு முந்நூறு தடவை தம் பெயரையும் அலைவரிசை எண்ணையும் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாதிரியின் அளவும் சிக்கலே. 500 பேர் கொண்ட மாதிரியில் ஒரு நிலையத்தின் வீச்சு 10 விழுக்காடு என்று வந்தால், உண்மையான எண் 7க்கும் 13க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்பது புள்ளியியல் கணக்கு. ஆயினும் அரை விழுக்காடு ஏறியதற்கே முழுப்பக்க விளம்பரம் கொடுப்பது பண்பலை உலகின் வழக்கமாயிற்று.

ராம் அளவீடு நிலைபெற்றது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களில்தான். ஹைதராபாத் போன்ற நகரங்கள், இதழ் வாசிப்பை அறிவதற்கென்றே உருவாகி, வானொலி பற்றியும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொண்ட இந்திய வாசகர் ஆய்வையே சார்ந்திருக்க நேர்ந்தது. கொரோனாவால் 2020இல் அதன் களப்பணியும் நின்றது. தனியார் பண்பலையில் ஒலிக்கும் அரசு விளம்பரத்துக்கான அடிப்படைக் கட்டணத்தை ஒன்றிய அரசு 2023இல் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்த்தியபோது, ஒவ்வொரு நகரத்துக்குமான கட்டணம் மக்கள்தொகையையும் நேயர் எண்ணிக்கையையும் கொண்டு கணக்கிடப்படும் என்று அறிவித்தது. இதனால் அளவீட்டின் தொய்வு ஆய்வாளர்களின் கவலை மட்டுமன்று, நிலையங்களின் வரவுசெலவுக் கவலையும் ஆகும்.

நகர எல்லையைத் தாண்டினால் இக்கணக்குகள் எதுவும் பொருந்துவதில்லை. ஜகீராபாத் அருகே தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் ஆதரவில் தலித் பெண்கள் 2008 முதல் நடத்திவரும் சங்கம் வானொலியின் நேயர்கள், அதைச் சூழ்ந்த கிராமங்களின் சிறுதானிய உழவர்கள். எந்த விளம்பர நிறுவனத்தின் மாதிரியிலும் அவர்கள் அகப்படுவதில்லை. மறுபுறம், அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி தன் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியின் இணைய ஒலிபரப்பைக் கேட்போரைக் கொண்டு 2021 முதல் வெளியிட்ட நகரத் தரவரிசைகளில் புனே, பெங்களூருவுடன் ஹைதராபாத்தும் முன்னிடங்களில் காணப்பட்டது. இங்கே மாதிரியும் இல்லை, நினைவும் இல்லை. இணைப்புகள் நேரடியாகவே எண்ணப்படுகின்றன. ஆனால் அந்த எண்ணிக்கை செயலியோடு முடிந்துவிடுகிறது: அதே நிகழ்ச்சியைக் காரிலோ ஆட்டோவிலோ பண்பலைப் பெட்டியில் கேட்பவர் அதில் சேர்வதேயில்லை.