உலோகப் புகை

உருகிய உலோகம் ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து, குளிர்ந்து உறையும்போது உண்டாகும் நுண்துகள் கூட்டம். வாயுபோல் மிதந்தாலும் இது திடப்பொருளே. அறுக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் தூசியைவிடத் துகள்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதனால் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை செல்லும்.

துத்தநாகம் 907 டிகிரி செல்சியசில் கொதிக்கும். வெல்டிங் மின்வில்லின் வெப்பமோ பல ஆயிரம் டிகிரி. ஆகவே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கையில் வெண்புகை கிளம்பும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தே, பலசமயம் வீடு திரும்பிய பிறகு, குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வாயில் உலோகச் சுவையும் தோன்றும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவது எளிது. ஓரிரு நாளில் தணிந்தும் விடும். காட்மியம் பூச்சின் புகை அப்படியன்று. அதே அறிகுறிகளோடு தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கக்கூடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இத்துகள்களைத் தடுக்காது.