மாடிப்படிக்கு அடியில் ஓர் அலுவலகம்

வாரத்தில் ஒரு மாலை, வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை எண்ணோடு காத்திருக்கிறோம். தொண்டூழியர் ஒருவர் நம் குறையைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். நாடாளுமன்ற உறுப்பினர் நம்மிடம் பேசிவிட்டுக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார். மக்களைச் சந்திக்கும் இந்த நிகழ்ச்சி வீவக வீடுகளோடு சேர்ந்து வந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வீவக உருவானது 1960ஆம் ஆண்டில். இந்தப் பழக்கமோ அதற்கும் ஐந்தாண்டு மூத்தது. 1955இல் இதைத் தொடங்கி வைத்தவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல்.

அவருக்கு அந்தத் தேவை ஏன் வந்தது? அன்றைய நிலைமையைக் கொஞ்சம் பார்த்தால்தான் அது புரியும்.

அதுவரை வாக்காளர் பட்டியலில் இடம்பெற விரும்பியவர்கள் தாங்களே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். அதனால் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 75,000 பேர்தான். ரெண்டல் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, தகுதி உள்ள எல்லாரையும் அரசாங்கமே பட்டியலில் சேர்த்தது. எண்ணிக்கை ஏறக்குறைய 300,000 ஆனது. படகோட்டி, துறைமுகத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி எல்லாம் முதன்முறையாக வாக்காளர்கள் ஆனார்கள். பழைய கட்சிக்காரர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்று தோன்றுகிறது. கிளப்புகளிலும் வர்த்தக சபைகளிலும் பேசிய பேச்சையே மேடையிலும் பேசினார்கள். வழக்கறிஞரான மார்ஷலின் தொழிலாளர் முன்னணியோ, மதிய இடைவேளையில் எம்பிரஸ் பிளேஸ் பக்கம் ஒரு மரத்தடியில் கூட்டம் போட்டது. 1955 ஏப்ரல் 2ஆம் தேதி நடந்த தேர்தலில் முற்போக்குக் கட்சித் தலைவர் சி.சி. டான், கேர்ன்ஹில் தொகுதியில் மார்ஷலிடம் தோற்றார்.

ஆனால் வெற்றி முழு வெற்றி அல்ல. மொத்தம் 32 பேர் கொண்ட மன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 25 பேர். அதில் தொழிலாளர் முன்னணிக்கு 10 இடம். அம்னோ, மசீச கூட்டணியின் 3 பேரைச் சேர்த்தும் 13தான். நிதியும் உள்நாட்டுப் பாதுகாப்பும் ஆங்கிலேய அதிகாரிகளின் கையில். முதலமைச்சர் என்ற பட்டம் இருந்ததே தவிர, உட்கார்ந்து வேலை பார்க்க அறைகூட ஏற்பாடு செய்யப்படவில்லை. அறை தராவிட்டால் அந்த மரத்தடியிலேயே மேசை போட்டு உட்காருவேன் என்று ஆளுநர் நிக்கலை மார்ஷல் மிரட்டியதாகச் சொல்வார்கள். கடைசியில் அரசாங்கக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம் கிடைத்தது. அதிலிருந்துதான் அவர் ஏப்ரல் 22ஆம் தேதி கூடிய முதல் மன்றக் கூட்டத்துக்குத் தயாரானார்.

மன்றத்துக்குள்ளே பலம் குறைவு. ஆகவே மன்றத்துக்கு வெளியே இருந்த மக்களிடம் அவர் போனார். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி அவருடைய நல்ல மனத்தால் மட்டும் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. அரசியல் தேவையும் அதில் இருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதுவரை சாதாரண மனிதர் அரசாங்கத்திடம் பேச வேண்டுமென்றால் காசு கொடுத்து ஆங்கிலத்தில் மனு எழுதி வாங்க வேண்டும். குமாஸ்தாவின் மேசையைத் தாண்டி அது போகுமா என்பது வேறு கதை. நாட்டின் முதலமைச்சர் நேரில் உட்கார்ந்து கேட்கிறார் என்பது அன்று பெரிய மாற்றம்.

ஒருவருடைய குறைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்த ஒருவருக்கு நன்மை. அதே குறை நூறு பேருக்கு இருந்தால், அது மன்றத்தில் பேச வேண்டிய விஷயம் ஆகிவிடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் ஓர் உறுப்பினரின் திறமை இருக்கிறது என்பது என் கருத்து. மார்ஷல் கையில் எடுத்தவற்றில் பாதுகாப்புச் சட்டங்கள், தன்னாட்சி, சீனப் பள்ளிகளின் நிலை, குடியுரிமை என்று பல இருந்தன. பதவியேற்ற ஐந்து வாரத்துக்குள் ஹொக் லீ பேருந்துக் கலவரம் வெடித்தது. ஜூலையில் துணை அமைச்சர்கள் நால்வர் வேண்டுமென்று கேட்டு, இருவரைத்தான் தருவேன் என்ற புதிய ஆளுநர் பிளாக்கோடு மோதினார். இவற்றை எல்லாம் விரித்தால் நேரம் போதாது.

நமக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது மொழி. அந்த மன்றத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடியும். தொகுதியில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் கேட்ட குறைகளை, உறுப்பினர் ஆங்கிலமாக்கித்தான் உள்ளே கொண்டு போக வேண்டும். ஆங்கிலம் தெரியாத ஒரு தொழிற்சங்கத் தலைவர் எவ்வளவு செல்வாக்கு உள்ளவராக இருந்தாலும் அங்கே பேச வழியில்லை. 1956 பிப்ரவரியில், மன்ற விவாதங்களில் ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவையும் இடம்பெற வேண்டும் என்ற தீர்மானத்தை மன்றம் ஏற்றது. மக்கள்தொகையில் நாம் சிறுபான்மையிலும் சிறுபான்மை. நம் மொழியை விட்டுவிட்டு மூன்றோடு நின்றிருந்தால் அன்று தட்டிக் கேட்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இலண்டனில் நடந்த தன்னாட்சிப் பேச்சு தோற்றதால், சொன்ன சொல்லைக் காப்பாற்றி 1956 ஜூனில் மார்ஷல் பதவி விலகினார். லிம் இயூ ஹோக் முதலமைச்சரானார். ஆனால் மார்ஷல் எழுப்பிய குடியுரிமைக் கேள்வி 1957இல் சட்டமானது. சட்டம் வந்தால் மட்டும் போதுமா? மக்கள் போய்ப் பதிய வேண்டுமே! ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நாள் கடத்திக்கொண்டிருந்த நம்மவர்கள் ஏராளம். குடியுரிமை பெற்றுக்கொள்ளும்படி அவர்களை வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. அவர் மன்ற உறுப்பினர் அல்லர். ஆனாலும் ஓர் உறுப்பினர் தம் தொகுதியில் செய்ய வேண்டிய வேலையை அவர் தம் சமூகம் முழுமைக்கும் செய்தார்.

அடுத்த தேர்தல் 1959 மே 30ஆம் தேதி நடந்தது. மன்றம் 51 இடங்களாக விரிந்திருந்தது. வாக்களிப்பது அந்த முறை கட்டாயம். பதிந்துகொண்டவர்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அந்த மன்றத்தில் தமிழிலும் பேசலாம் என்று புதிய அரசியலமைப்பு சொல்லியிருந்தது.